வேலி காத்ததும் புல் கொன்றதும்: இங்கிலாந்தின் பெரிய நீலன் வண்ணத்துப்பூச்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தில் 1979-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒரு நீல வண்ணத்துப்பூச்சி, நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, இன்று அங்கே ஆயிரக்கணக்கில் பறக்கிறது. அது ஏன் அழிந்தது, எதைச் சரிசெய்தபின் திரும்பியது என்பதை இந்த ஆய்வு வரிசையாகப் பதிவு செய்கிறது. ஆய்வாளர், நில மேலாளர், சேகரிப்பாளர் எவருடைய பெயரும் இதில் இடம்பெறவில்லை.

பின்னணி

பெரிய நீலன் என்பது ஃபெங்காரிஸ் அரியான் என்ற இனம். பழைய நூல்களில் மேக்குலினியா அரியான் என்றிருக்கும். பெயரில்தான் பெரியது. இறக்கைகளை விரித்தால் 4 முதல் 5 செ.மீ. இருக்கும், அவ்வளவே. நீலன் வகை வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் சிறியவை என்பதால் அவற்றுக்கு நடுவே இது பெரிதாகத் தெரிகிறது. முன்னிறக்கையின் மேற்புறத்தில் உள்ள கரும்புள்ளிகளைக் கொண்டு பறக்கும்போதே அடையாளம் காணலாம். ஜூன் நடுவிலிருந்து ஜூலை இறுதிவரை பறக்கும். ஒவ்வொரு பூச்சிக்கும் கிடைப்பது சில நாள்கள் மட்டுமே.

பிரிட்டனில் இது 1795-இல் முதன்முதலாகப் பதிவானது. கோட்ஸ்வோல்ட்ஸ், சாமர்செட்டின் போல்டன் குன்றுகள், டார்ட்மூரின் ஓரம், டெவன், கார்ன்வால் ஆகியவற்றின் அட்லாண்டிக் கடலோரம் என்று தெற்கு, தென்மேற்கு இங்கிலாந்தின் வெதுவெதுப்பான சரிவுகளே அதன் இடங்கள். மண் மெலிந்து, பாறை தலைகாட்டி, புல் ஒட்ட மேயப்பட்டு, நடுநடுவே காட்டுத் தைம் என்னும் மணமுள்ள சிறு செடி படர்ந்திருக்கும் நிலம் அது. உழவுக்கு ஆகாத நிலம் என்பதால் பல நூற்றாண்டுகளாக ஆடும் மாடும் முயலும் மட்டுமே அங்கே நடமாடின.

தொடக்கத்திலிருந்தே அரிய பூச்சி என்பதால் சேகரிப்பாளர்களின் கண் இதன்மேல் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சில இடங்களில் இது காணாமல் போகத் தொடங்கியபோது, பழி வலை வைத்திருந்தவர்கள் மேல் விழுந்தது. அந்தப் பழி அடுத்த பல பத்தாண்டுகளின் நடவடிக்கைகளைத் தீர்மானித்தது. இந்த நிகழ்வில் நடந்த மிகப் பெரிய சேதம் அங்கேதான் தொடங்குகிறது.

வாழ்க்கைச் சுழற்சி: எங்கே எவ்வளவு காலம்

பின்னர் எடுக்கப்பட்ட முடிவுகள் விளங்க வேண்டுமானால் இதை விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

பெண் பூச்சி தைம் செடியின் மலராத மொட்டுகளுக்கு நடுவே ஒவ்வொரு முட்டையாக வைக்கும். சூடான சில இடங்களில் மார்ஜோரம் செடியிலும் வைப்பதுண்டு. ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து, புழு பூவையும் உருவாகிக்கொண்டிருக்கும் விதையையும் தின்னும். ஒரே பூங்கொத்தில் இரண்டு புழுக்கள் சேர்ந்துவிட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். இரண்டு மூன்று வாரத்தில் மூன்று முறை தோலுரித்து, சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும்போது, மாலை வேளையில் செடியிலிருந்து தானாகவே தரையில் விழும். மிர்மிகா இனச் செவ்வெறும்புகள் இரை தேடி வெளியே வரும் நேரம் அது.

விழுந்த புழு எங்கும் ஊர்ந்து போகாது. ஓர் எறும்பு தன்னைக் கண்டெடுக்கும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும். கண்டெடுத்த எறும்பு அதை உணர்கொம்பால் தட்டித் தடவி, முதுகுச் சுரப்பியிலிருந்து கசியும் இனிப்புத் துளியைக் குடிக்கும். இது அரைமணி நேரமும் நடக்கலாம், சில மணி நேரமும் நீளலாம். பிறகு புழு உடலின் முன்பகுதியை உப்பவைத்து வளைந்து நிமிர்கிறது. அப்போது அது வடிவிலும் மணத்திலும் கூட்டிலிருந்து தவறி வெளியே வந்துவிட்ட ஓர் எறும்புக் குஞ்சாகவே எறும்புக்குத் தோன்றுகிறது. எறும்பு அதைக் கவ்விக் கூட்டுக்குத் தூக்கிச் செல்லும்.

அதன்பின் அந்தப் புழு சைவம் அல்ல. ஏறக்குறைய பத்து மாதங்கள் நிலத்துக்கடியில் எறும்புகளின் இளம்புழுக்களையே தின்று வளரும். குளிர்காலத்தில் உறங்கி, வசந்தத்தில் மறுபடி தின்னத் தொடங்கி, கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, கோடையில் ஒரு காலை நேரத்தில் வண்ணத்துப்பூச்சியாக வெளியே ஊர்ந்து வந்து, அருகிலிருக்கும் புல்லில் ஏறி இறக்கையை விரிக்கும். அது பெறும் உடல் எடையில் 98 விழுக்காட்டுக்கும் மேல் எறும்புக் கூட்டுக்குள் கிடைப்பதுதான். தைம் செடி கொடுப்பது மிகச் சிறிய பங்கு.

எறும்புக் கூட்டுக்குள் புழு போகிறது என்பது 1915-ஆம் ஆண்டு வாக்கிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் செவ்வெறும்பு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு எண்ணிக்கொண்டார்கள்.

முதல் நடவடிக்கை: ஆளை விலக்குதல்

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எஞ்சியிருந்த இடங்கள் சிலவற்றைக் காப்பகமாக்கி வேலி போட்டார்கள். சேகரிப்பாளர்கள் உள்ளே வராமல் தடுப்பதே நோக்கம். இடங்களின் பெயரை வெளியிடாமல் மறைத்தும் வைத்தார்கள். அன்று கையிலிருந்த தகவலைப் பார்த்தால் இந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. அரிய பூச்சி, பேராசைக்காரச் சேகரிப்பாளர், குறைந்துவரும் எண்ணிக்கை என்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதாகவே தெரிந்தன.

வேலி சேகரிப்பாளரைத் தடுத்தது. கூடவே ஆடு மாடுகளையும் தடுத்தது. காப்பகத்துக்குள் புல் உயர்ந்தது, முட்புதர் பரவியது, பூச்சி சில ஆண்டுகளில் மறைந்தது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் வேகமாக அழிந்து, பாதுகாப்பில்லாத மேய்ச்சல் சரிவில் தாக்குப்பிடித்த உதாரணங்கள் கண்முன்னே இருந்தும், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க அன்று யாரும் இல்லை.

காப்பகங்களுக்கு வெளியே இரண்டு வேறு மாற்றங்கள் நடந்துகொண்டிருந்தன. முதலாவது, நிலம் அடியோடு மாறியது. உழுதார்கள், உரமிட்டுப் புல்வெளியாக்கினார்கள், மரம் நட்டார்கள். பூச்சி அழிந்த இடங்களில் ஏறக்குறைய பாதிக்கு இதுவே காரணம். இரண்டாவது சத்தமில்லாமல் நடந்தது. செங்குத்தான, விளைச்சல் குறைந்த சரிவுகளில் கால்நடை மேய்ப்பது கட்டுப்படியாகாமல் போய், விவசாயிகள் அவற்றைக் கைவிட்டார்கள். அதன்பிறகும் பல இடங்களில் முயல்கள் புல்லைக் கடித்துக் குட்டையாக வைத்திருந்தன. 1953-இல் மிக்சோமடோசிஸ் என்னும் முயல் நோய் பிரிட்டனுக்குள் வந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் நாட்டின் முயல்களில் மிகப் பெரும்பகுதி செத்துப்போயின. அதோடு அந்தச் சரிவுகளில் புல் கடிக்க யாரும் இல்லை.

1970-களின் தொடக்கத்தில் மிஞ்சியவை ஒன்றிரண்டு கூட்டங்கள். கடைசிக் கூட்டம் டார்ட்மூரின் ஓரத்தில் இருந்தது.

1972 முதல்: சாவு எந்தக் கட்டத்தில்?

இந்த நேரத்தில்தான் கேள்வியே மாறியது. அதுவரை பூச்சியை யார் எடுக்கிறார்கள் என்று கேட்டவர்கள், முட்டையிலிருந்து பூச்சிவரை எந்தக் கட்டத்தில் எத்தனை சாகின்றன என்று எண்ணத் தொடங்கினார்கள். 1972 முதல் எஞ்சியிருந்த இடத்தில் ஓர் ஆய்வாளர் கோடைதோறும் தங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை எடுத்தார்.

இவ்வகைக் கணக்கெடுப்பின் முறை எளியது, உழைப்புத்தான் பெரிது. ஒவ்வொரு தைம் செடிக்கும் குறியிட்டு மொட்டுகளில் முட்டை எண்ண வேண்டும். பொரிந்த முட்டை எத்தனை, பூவில் உயிரோடிருக்கும் புழு எத்தனை, அடுத்த கோடையில் அதே நிலத்திலிருந்து வெளிவரும் பூச்சி எத்தனை என்று தொடர வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளின் கணக்கை ஒப்பிட்டால், ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாத சாவு எது, பூச்சிகளின் மொத்தத் தொகையையே ஏற்றி இறக்கும் சாவு எது என்பது பிரிந்து தெரியும்.

முட்டைப் பருவச் சாவும் தைம் பூவின் மேல் நடக்கும் சாவும் இந்தத் தொகையைத் தீர்மானிக்கவில்லை. சேகரிப்பாளர் எடுத்ததும் தீர்மானிக்கவில்லை. எறும்புக் கூட்டுக்குள் போன பிறகு நடந்த சாவே எல்லாவற்றையும் முடிவு செய்தது.

கூட்டைக் கவனித்தபோது, செவ்வெறும்பு என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது உண்மையில் ஒரே சரிவில் வாழும் பல மிர்மிகா இனங்கள் என்பது முக்கியமாயிற்று. பெண் நீலன் மொட்டின் பருவத்தைப் பார்த்து முட்டை வைக்கிறது. விழுந்த புழுவை எந்த மிர்மிகா இனமும் தூக்கிச் செல்லும். ஆனால் மிர்மிகா சபுலெட்டி என்ற ஓர் இனத்தின் கூட்டில்தான் தொகை நிலைப்பதற்குப் போதுமான புழுக்கள் பிழைத்தன. மற்ற இனங்களின் கூடுகளில், குறிப்பாக மிர்மிகா ஸ்கேப்ரினோடிஸ் கூட்டில், பிழைப்பது மிக அரிதாக இருந்தது.

சபுலெட்டி கூட்டுக்குள்ளும் நிபந்தனைகள் உண்டு. ஒரு பூச்சி முழுமையாக வளர ஏறக்குறைய 350 வேலைக்கார எறும்புகள் உள்ள கூடு வேண்டும். அதைவிடச் சிறிய கூட்டில் எறும்புக் குஞ்சு தீர்ந்துபோகும். ஒரே கூட்டுக்குள் நாலைந்து புழுக்கள் போய்ச் சேர்ந்தால் எல்லாம் சேர்ந்தே பட்டினி கிடக்கும். ராணி எறும்பு இருக்கும் கூட்டைவிட ராணி இல்லாத கூட்டில் புழு பிழைப்பது அதிகம். ராணி இருக்கும்போது, ராணியாகக்கூடிய பெரிய எறும்புக் குஞ்சுகளை வேலைக்கார எறும்புகள் கடித்துத் துன்புறுத்தும். நீலன் புழுவும் அந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

புல்லின் உயரமும் மண்ணின் சூடும்

சபுலெட்டி வெப்பம் விரும்பும் எறும்பு. பிரிட்டன் அதன் வாழிடப் பரப்பின் குளிர்ந்த வடவிளிம்பில் இருப்பதால், அங்கே அது மிகச் சூடான தரையைத் தேடித்தான் வாழ முடியும். அதாவது தெற்கு நோக்கிய சரிவில், வெயில் நேராக மண்ணில் படும் அளவுக்கு ஒட்டக் கடிக்கப்பட்ட புல்லில்.

புல் ஒரு செ.மீ. உயரத்திலிருந்து இரண்டு செ.மீ.க்கு மேல் போனாலே மண்ணின் மேற்பகுதி 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடுகிறது. அந்த வேறுபாடு நடந்துபோகும் மனிதனுக்குத் தெரியாது. எறும்புக்குத் தெரியும். சபுலெட்டி பின்வாங்கும், குளிரைத் தாங்கும் ஸ்கேப்ரினோடிஸ் அந்த இடத்தைப் பிடிக்கும். இந்த மாற்றம் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது.

ஏமாற்றமே இங்குதான். சபுலெட்டி போன பிறகும் தைம் செடி பல ஆண்டுகள் பூத்துக்கொண்டிருக்கும். பார்வையிட வந்தவர்கள் தைம் பூத்திருப்பதைக் கண்டார்கள், செவ்வெறும்பு ஓடுவதைக் கண்டார்கள், வாழிடம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள். பெண் நீலன் வழக்கம்போல் முட்டை வைத்தது. புழு வழக்கம்போல் எறும்பு வாயில் ஏறிப் போனது. ஒன்றும் திரும்பி வரவில்லை. உணவுச் செடியின் பரப்பை மட்டும் அளந்து ஒரு வண்ணத்துப்பூச்சியின் வாழிடத்தை மதிப்பிடுவது எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

எடுத்த முடிவும் 1979-உம்

காரணம் தெரிந்ததும் டார்ட்மூர் இடத்தில் புதரை வெட்டி, மேய்ச்சலை மீண்டும் தொடங்கினார்கள். திசை சரியானதுதான். ஆனால் எறும்பு திரும்பிவரச் சில ஆண்டுகள் ஆகும். நீலனுக்கு அந்த அவகாசம் இல்லை. 1975, 1976 ஆகிய இரண்டு கோடைகளும் கடும் வறட்சியாக வந்தன. சரிவில் தைம் கருகியது. ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்திருந்த கூட்டத்துக்கு அது தாங்க முடியாத அடி. 1979-இல் இந்த இனம் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அண்டை நாடான நெதர்லாந்தில் அது 1964-லேயே போய்விட்டிருந்தது.

பூச்சி போன பிறகும் நிலத்தில் வேலையை நிறுத்தாததுதான் இந்த நிகழ்வின் திருப்புமுனை. பூச்சியே இல்லாத சரிவில் அதற்காக மாடு மேய்ப்பதற்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும் என்று யாரோ வாதாடி வென்றிருக்கிறார்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே சபுலெட்டி மீண்டும் பரவியிருந்தது.

வாழிடத்தை மீட்ட முறை

டார்ட்மூரிலும் பிறகு சாமர்செட், கோட்ஸ்வோல்ட்ஸ் இடங்களிலும் பின்பற்றப்பட்ட அடிப்படை ஒன்றே. நிலத்தின் அமைப்புக்கேற்ப அளவுகள் மாறும்.

முதலில் நிழலை அகற்ற வேண்டும். கோர்ஸ் முட்புதரையும் வளர்ந்துவிட்ட இளமரங்களையும் குளிர்காலத்தில் வெட்டி எடுப்பார்கள். வெட்டியதைச் சரிவிலேயே மட்கவிடக் கூடாது. மட்கினால் மண் சத்தேறி முரட்டுப் புல் வளரும், தைம் அடங்கிப்போகும். வெட்டிய அடிக்கட்டைகள் துளிர்ப்பதால் ஒரு முறை வெட்டி விட்டுவிட்டால் மூன்று நான்கு ஆண்டில் பழையபடி ஆகிவிடும். வெட்டுக்குப் பின்னே மேய்ச்சல் உடனே தொடர வேண்டும்.

மேய்ச்சலின் காலக்கணக்குதான் உயிர்நாடி. வசந்தத்தில் கடுமையாக மேய்த்து, தைம் மொட்டுவிடும் நேரத்தில் கால்நடையை வெளியேற்றிவிட வேண்டும். பூச்சி பறந்து, முட்டையிட்டு, புழு தரையில் விழுந்து எறும்பு எடுத்துச் செல்லும்வரை விலங்கு உள்ளே வரக் கூடாது. அதன்பின் இலையுதிர் காலத்தில் மீண்டும் ஒட்ட மேய்க்க வேண்டும். சபுலெட்டி கூட்டின் வளர்ச்சிக்கு முக்கியமான வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் புல் 1 முதல் 3 செ.மீ.க்குள் இருப்பதே இலக்கு. சரிவு எவ்வளவு தெற்கு நோக்கியதோ அவ்வளவு சலுகை உண்டு. சமதரைக்கு நெருங்க நெருங்க 1 செ.மீ. பக்கம் வர வேண்டும்.

இதில் பிழைபோகும் இடங்கள் தெரிந்தவையே. ஜூன் மாதத்தில் ஆடு உள்ளே நின்றுவிட்டால் பூங்கொத்தைத் தேர்ந்து கடிக்கும், முட்டை அதோடு போகும். ஆகவே பல இடங்களில் மாட்டையும் மட்டக்குதிரையையும் விரும்புகிறார்கள். கால்நடைக்கு வைக்கோலைச் சரிவில் கொட்டினால் அந்த இடம் உரமேறிக் கெடும். மழைக்கால ஈரத்தில் கனமான மாடுகளை அதிகமாக விட்டால் மண் குழம்பிச் சேறாகிவிடும். அதேவேளை அங்கங்கே குளம்பு கிளறிய சிறு வெற்றுத்தரை நல்லது, தைம் விதை முளைப்பது அதில்தான். மஞ்சள் புல்வெளி எறும்பு எழுப்பும் பழைய மண்மேடுகளின் மேலும் தைம் நன்றாகப் படரும். இயந்திரத்தால் புல் வெட்டும்போது அந்த மேடுகளைச் சமப்படுத்திவிடுவது எளிதில் நடக்கும் சேதம். அவை உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது, எறும்பைச் சரிபார்த்தல். சிறு இனிப்புத் துணுக்குகளைத் தைம் செடிகளைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து, அரைமணி கழித்து எந்த எறும்பு வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கொளுத்தும் நண்பகலில் வைத்தால் எறும்பு வெளியே வராது, முடிவு பொய்யாகும். வந்த எறும்பை வெறுங்கண்ணால் இனம் பிரிக்க முடியாது. சபுலெட்டியும் ஸ்கேப்ரினோடிஸும் 4, 5 மி.மீ. நீளமுள்ள, ஒரே செம்பழுப்பு நிறமுள்ள எறும்புகள். உருப்பெருக்கியின் கீழ் உணர்கொம்பின் அடித்தண்டைப் பார்க்க வேண்டும். தலையை விட்டு வெளியேறிய உடனே அந்தத் தண்டு கூர்மையாக மடங்கும். மடங்கும் இடத்தில் சபுலெட்டிக்குப் பக்கவாட்டில் தட்டையான மடல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேப்ரினோடிஸில் அது சிறிது, வளைவுதான் எடுப்பாகத் தெரியும். இந்த ஒரு மடலைப் பார்க்கத் தெரியாமல் போனால் மீட்புத் திட்டம் முழுவதும் தவறான சரிவில் நடந்துவிடும்.

இறுதியாக, செடியும் எறும்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். சபுலெட்டி தன் கூட்டைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான் இரை தேடும். சரிவின் ஒரு பக்கம் தைம், மறுபக்கம் எறும்பு என்றிருந்தால் எண்ணிக்கையில் இரண்டும் நிறைய இருந்தும் பயனில்லை. தைம் செடிகளில் பாதிக்கு மேல் சபுலெட்டி நடமாடும் தொலைவுக்குள் இருந்தால்தான் கூட்டம் நிலைக்கும்.

ஓலாந்திலிருந்து

எந்த நாட்டுப் பூச்சியைக் கொண்டுவருவது என்பது அடுத்த முடிவு. அழிந்த பிரிட்டிஷ் பூச்சிக்கு உருவத்தில் நெருக்கமானதைத் தேடுவது இயல்பான எண்ணம். ஆனால் இங்கே காலப்பொருத்தம்தான் முதன்மை. தைம் மொட்டு விட்டிருக்கும் அந்தச் சில வாரங்களோடு பூச்சி வெளிவரும் நாள் ஒத்துப்போக வேண்டும். முந்தி வந்தால் மொட்டு இல்லை, பிந்தி வந்தால் பூ உதிர்ந்திருக்கும். எறும்பும் அதே சபுலெட்டியாக இருக்க வேண்டும். ஸ்வீடனின் ஓலாந்துத் தீவில் உள்ள கூட்டங்கள் இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தின. 1983-இல் டார்ட்மூர் இடத்தில் முதல் சோதனை விடுவிப்பு நடந்தது.

பறக்கும் பூச்சிகளை விடாமல் புழுக்களை விட்டதற்குக் காரணம் இருக்கிறது. கொண்டுவந்த பூச்சி பறந்து எங்கோ போய்விடலாம். முட்டையாகவோ இளம்புழுவாகவோ எடுத்தால் மூலக் கூட்டத்துக்கும் இழப்பு குறைவு, ஏனென்றால் அங்கே எறும்புக் கூடுகள் நெரிசலாகி எப்படியும் பல புழுக்கள் பட்டினியில் சாகும். பாதுகாப்பாகத் தைம் பூவில் வளர்க்கும்போது ஒரு பூங்கொத்துக்கு ஒரு புழு என்பதே விதி, இல்லையென்றால் ஒன்றையொன்று தின்றுவிடும். கடைசித் தோலுரிப்பு முடிந்து பூவிலிருந்து விழுந்த புழுவை மெல்லிய தூரிகையால் எடுத்து, எறும்பு நடமாட்டம் உறுதிசெய்யப்பட்ட இடங்களில் பரவலாக விட வேண்டும். ஒரே மூலையில் எல்லாவற்றையும் கொட்டினால் அவை ஒரே கூட்டுக்குள் போய்க் குவியும்.

விளைந்தது

பூச்சி நிலைத்தது. 1990-களில் போல்டன் குன்றுகளில் மீட்கப்பட்ட சரிவுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. அங்கிருந்து அருகிலிருந்த பொருத்தமான சரிவுகளுக்குத் தானாகவே பரவவும் செய்தது. 2006-ஆம் ஆண்டு பறந்தவை ஏறக்குறைய 10,000 என்று மதிப்பிடப்பட்டது. 1950-களுக்குப் பிறகு பிரிட்டனில் அவ்வளவு இருந்ததில்லை. இந்த முழு வரலாறும் 2009-இல் சயன்ஸ் இதழில் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

க்ளாஸ்டர்ஷயரின் ராட்பரோ பொதுநிலத்தில் ஐந்தாண்டு முன்தயாரிப்புக்குப் பின் 2019-இல் 1,100 புழுக்கள் விடப்பட்டன. அடுத்த கோடையில் ஏறக்குறைய 750 பூச்சிகள் வெளிவந்ததாக மதிப்பிட்டார்கள். அதற்கு முன் 150 ஆண்டுகளாக அந்தச் சரிவில் பெரிய நீலன் இருந்ததில்லை. 2022-இல் வெளியான பிரிட்டனின் வண்ணத்துப்பூச்சிச் செம்பட்டியலில் அது மிக ஆபத்தான நிலையிலிருந்து, அச்சுறுத்தலை நெருங்கும் நிலைக்கு மாற்றப்பட்டது.

சேகரிப்பாளர் தொல்லை முற்றிலும் கற்பனை அல்ல. இந்தப் பூச்சியைப் பிடித்துக் கொன்ற ஒருவருக்கு 2017-இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 20-ஆம் நூற்றாண்டில் இந்த இனத்தை அழித்தது வலை அல்ல. இன்று போல்டன் குன்றுகளில் ஒரு சரிவைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கத் திறந்தே வைத்திருக்கிறார்கள், பூச்சி அங்கே வாழ்கிறது. மறைத்து வைத்து வேலியிட்ட பழைய காப்பகங்களில் அது வாழவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சாவு நிகழும் கட்டத்தைக் கண்டறியும் கணக்கெடுப்பு, கூட்டங்கள் பல இருந்த காலத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். கடைசி இடத்தில் செய்யும் ஆய்வு பதிலைக் கொடுக்கும், பதிலைப் பயன்படுத்தும் காலத்தைக் கொடுக்காது. அதே நேரம் முழு விடை தெரியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மேய்ச்சல் நின்ற இடங்களிலும் நிற்காத இடங்களிலும் இருந்த கூட்டங்களை ஒப்பிட்டிருந்தாலே, எறும்பின் பெயர் தெரியாமலேயே 1950-களில் சரியான நடவடிக்கை எடுத்திருக்கலாம். காப்பகம் அமைக்கும் முன், அந்த நிலம் அதுவரை எப்படிப் பயன்படுத்தப்பட்டது, எந்த மாதத்தில் எந்த விலங்கு மேய்ந்தது என்று பக்கத்து விவசாயியிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்வது செலவில்லாத வேலை. அந்தப் பழக்கத்தை மாற்றினால் ஏதோ ஒன்று மாறும் என்று எதிர்பார்த்தே தொடங்க வேண்டும்.

எஞ்சிய கூட்டம் ஒரே சரிவில் மட்டும் இருந்ததுதான் 1975, 1976 வறட்சிகளைத் தாங்க முடியாமல் செய்தது. இப்போது மீட்கும் இடங்களில் சூடான தெற்குச் சரிவோடு சற்றுக் குளிர்ந்த மேற்குச் சரிவையும், குட்டைப் புல்லோடு ஓரளவு உயர்ந்த புல் திட்டுகளையும் சேர்த்தே வைக்கிறார்கள். வறண்ட கோடையில் ஒரு பக்கம் தைம் கருகினால் மறுபக்கம் பூத்திருக்கும். கோடைகள் சூடேறிவரும் நிலையில் இதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. ஐரோப்பாவின் சூடான பகுதிகளில் இதே நீலன் உயரமான புல்லிலேயே வாழ்கிறது, ஏனென்றால் அங்கே நிழல் விழுந்த மண்ணே சபுலெட்டிக்குப் போதுமான சூட்டில் இருக்கும். ஆகவே 1 முதல் 3 செ.மீ. என்ற இலக்கை நிலையான விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் புல்லின் உயரத்தையும் மண்ணின் வெப்பத்தையும் ஒன்றாக அளந்து, இனிப்புத் துணுக்குச் சோதனையில் சபுலெட்டி வரும் விகிதம் குறைகிறதா என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த இலையுதிர் காலத்து மேய்ச்சல் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பூச்சியின் எண்ணிக்கை குறையும்வரை காத்திருந்தால் எறும்பு அதற்கு முன்பே போயிருக்கும்.